கருவாட்டுத் தராசில் ஒரு பிள்ளை

கருவாட்டு வாசனை வந்தால் நான் காதைப் பொத்திக்கொள்கிறேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்த வாசனைக்குள் ஒரு கொக்கி கிறீச்சிடுகிறது.

எழுபதுகளின் கடைசி. தூத்துக்குடியில் ஒரு கடற்கரைத் தெரு. பால்வாடி டீச்சர் வேலை. ஏரலிலிருந்து போனவள் நான், நெல்வயல் தவிர ஒன்றும் தெரியாத பத்தொன்பது வயது. எடை குறைந்த பிள்ளைக்கு இரட்டைப் பங்கு கஞ்சி உண்டு. எடையை எழுதினால்தான் உண்டு. எங்கள் தராசின் சுருள்கம்பியோ உப்புக்காற்றில் இற்று அறுந்துவிட்டது. எதிர்க்கடை அண்ணாச்சியிடம் கருவாடு நிறுக்கும் கொக்கித் தராசை இரவல் கேட்டேன்.

"பிள்ளையளயா தொங்கவிடப் போறீய?" என்று சிரித்தார். எடுத்துக் கொடுக்கும்போது சிரிப்பு இல்லை.

இருப்பதிலேயே மெலிந்த பிள்ளை முதலில். எட்டு மாதம். அதற்கு முன் அதன் தாய்க்கு இரண்டு பிறந்து, இரண்டும் ஒரு வயதைத் தாண்டவில்லை. அவள் தண்ணீர்க் குடத்தை வீட்டில் இறக்கிவைக்கப் போன நேரம், துணியில் கட்டிக் கொக்கியில் மாட்டிவிட்டேன்.

பிள்ளை அழவில்லை. மெல்லச் சுழன்றது. சுழன்று சுழன்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. கஞ்சிக்கு வந்திருந்த பெண்கள் முந்தானையை இழுத்துத் தங்கள் பிள்ளைகளின் கண்ணை மூடினார்கள். முள் நடுங்கிக்கொண்டே இருந்தது.

"மாதாவே, கருவாட்டுத் தராசுல்லா! நிறுத்தாச்சுன்னா வித்தாச்சே!" என்றாள் ஒருத்தி.

தாய் வந்தாள். அவிழ்த்து நீட்டினேன். அவள் கை நீட்டவில்லை.

"இது எனக்குள்ளது இல்ல டீச்சர். வித்துட்டீய."

"யாருக்கு?"

"முந்தி ரெண்ட வாங்கினவுகளுக்குத்தான்."

வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். பால் கட்டி ரவிக்கை நனைந்தது. திரும்பவில்லை. பயிற்சியில் சொல்லித் தந்ததையெல்லாம் சொன்னேன், கத்தினேன், கெஞ்சினேன். என் மடியில் பிள்ளை கஞ்சியைத் துப்பியது. உதடு காய்ந்து, அழுகை நூலாகி, பிற்பகலில் அதுவும் நின்றது. என் தோளுக்குப் பின்னால் யாரையோ பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பினேன். வெறும் சுவர்.

சமைக்கும் ஆயா குனிந்து சொன்னாள்: "வித்தது நீங்க. நீங்களே தவிட்டுக்குக் குடுத்திருங்க."

எங்கள் ஊரிலும் உண்டு இது. பிள்ளை தங்காத வீட்டில், தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்கிவிட்டால் சாவுக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போய்விடுமாம். வகுப்பில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

ஆயா ஆட்டுக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு கை கொண்டுவந்து தாயிடம் கொடுத்தாள். அவள் எழுந்து என் எதிரே நின்றாள்.

"என்ன வெல?"

"ஒரு கை தவிடு" என்றது என் வாய்.

என் உள்ளங்கையில் தவிடு விழுந்தது. வாங்கிய பிள்ளையின் விரலைப் பார்த்தாள், காதைப் புரட்டிப் பார்த்தாள், பிறகுதான் மாரில் போட்டாள். அது குடிக்கத் தொடங்கிய சத்தம் கேட்டதும் தவிட்டை மூடிப் பிடித்துக்கொண்டேன்.

"ஏளா, நாளைக்குக் கஞ்சிக்குக் கொண்டு வருவியா?"

படியிறங்கியவள் திரும்பினாள். "கொண்டு வாரேன் டீச்சர். பழைய பேரச் சொல்லி மட்டும் கூப்பிடாதீய. இப்பத்தான வாங்கியிருக்கேன். இது யாருன்னு இனிமத்தான் பாக்கணும்."