அதே துளை

“நீ பொறந்ததே இங்கதானா, இல்ல யாராச்சும் கொண்டுவந்து விட்டாங்களா?”

சித்தி இப்படிக் கேட்டபோது நான் அவள் அறைக் கதவில் சாய்ந்து நின்றிருந்தேன். பள்ளி முடிந்து, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டைச் சுற்றி வந்துகொண்டிருந்த நேரம். என்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து விழித்தேன். அவள் கேட்டதோ கணினித் திரையில் இருந்த மங்கலான ஒரு புள்ளியை. அதற்கும் பதில் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அந்தப் புள்ளி ஒரு பனிக்கட்டி. நெப்டியூனுக்கும் அப்பால், சூரியனே ஒரு பெரிய நட்சத்திரமாகத் தெரியும் தொலைவில், இப்படி ஆயிரக்கணக்கான கட்டிகள் சுற்றுகின்றன. அவை சுற்றும் பாதையைக் கணக்கிட்டு, முதலில் எங்கே உருவாயின என்று கண்டுபிடிப்பது சித்தியின் வேலை. பாதி வாரம் ஆய்வகத்தில், மீதி வாரம் எங்கள் வீட்டுப் பின்னறையில். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுவாள். டீ ஆறி ஆடை படிந்த பிறகுதான் குடிப்பாள். குழாய் பழுதுபார்க்க வந்தவரிடமும் அதே கேள்விதான்: “சொந்த ஊரே இதானா, வந்து சேர்ந்ததா?” அவர் ஏதோ பெண் பார்க்கும் விஷயம் என்று நினைத்து, தன் தம்பி கை நிறையச் சம்பாதிப்பதைச் சொல்லிவிட்டுப் போனார்.

சுவரில் கட்டிகளின் பாதைகளைக் காட்டும் ஒரு படம். இருக்கும் இடத்திலேயே பிறந்த கட்டிகளுக்குச் சிவப்புக் குண்டூசி. சூரியனுக்குப் பக்கமாக உள்ளே பிறந்து, நெப்டியூனின் ஈர்ப்பால் வெளியே வந்தவற்றுக்கு நீலம். சிவப்பைப் ‘பிறந்த வீடு’ என்பாள் சித்தி; நீலம், ‘புகுந்த வீடு’.

“மருமகளா வந்து இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் பொறந்த வீட்டுப் பேச்சு ஓயல பாரு,” என்பாள் அவள் ஓரகத்தியான என் அம்மா.

“என் கணக்குல நாம ரெண்டு பேருமே நீலம்தான்க்கா.”

“நீலமோ பச்சையோ, வெங்காயத்த உரி.”

அந்தப் புள்ளி உண்மையில் இரண்டு கட்டிகள். ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும் ஜோடி. சித்தி அதற்குச் சிவப்பு ஊசி குத்தியிருந்தாள். நெப்டியூன் அதை வெளியே எறிந்திருந்தால் ஜோடி பிரிந்திருக்கும், பிரியவில்லை, ஆகவே அங்கேயே பிறந்தது என்பது அவள் வாதம். பல ஆண்டு உழைப்பை அந்த ஒரு வாதத்தின்மேல் கட்டியிருந்தாள்.

ஆய்வகத்தில் அதை மறுப்பவர் ஒருவர் உண்டு. சித்தி அவருக்கு வைத்த பெயர் எதிர்க்கட்சி. நெப்டியூனே ஒரு காலத்தில் மெல்ல மெல்ல வெளியே நகர்ந்தது, அப்போது இந்த ஜோடியை அலுங்காமல் தள்ளிக்கொண்டு வந்திருக்கலாம் என்பார் அவர். “எந்தக் கோள் சார் அவ்வளவு மரியாதையா தள்ளும்?” என்று நிறைந்த அரங்கில் சித்தி கேட்டு, எல்லோரும் சிரித்தார்களாம்.

தீர்ப்புச் சொல்ல வேண்டியது நிறம். அங்கேயே பிறந்தவை பெரும்பாலும் நல்ல சிவப்பு. உள்ளேயிருந்து வந்தவை நீலம் கலந்த சாம்பல். எங்கோ ஒரு மலைமேல் இருக்கும் பெரிய தொலைநோக்கி அந்த நிறத்தை அளந்து அனுப்ப வேண்டும்.

“கலர் மாறி வந்துட்டா?” என்றார் சித்தப்பா, சாப்பிடும்போது.

“வராது.”

“ஒருவேளை வந்துட்டா?”

“மொதல்ல வாயக் கழுவுங்க.”

“சாப்பிட்டுட்டுக் கழுவறேன்.”

மறுநாள் மதியம் தொலைநோக்கியின் அளவீடு வந்தது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். சித்தி பின்னறையை விட்டு வரவில்லை. போய்ப் பார்த்தோம். சித்தி மேசைக்கடியில் குனிந்திருந்தாள்.

“நீலம்க்கா,” என்றாள் நிமிராமல்.

“அழறியா?”

“இல்ல, கண்ணாடியத் தேடறேன்.”

கண்ணாடி தலையில்தான் இருந்தது. அம்மா அதை எடுத்துத் தன் முந்தானையால் துடைத்து, அவள் கையில் கொடுத்தாள்.

சித்தி அதை மாட்டிக்கொண்டு தொலைபேசியை எடுத்தாள். “எதிர்க்கட்சியா? வாழ்த்துகள், இனிமே ஆட்சி உங்களுது. ஆமா, மரியாதையாத்தான் தள்ளியிருக்கு. தோத்தது நானு, நீங்க எதுக்கு சார் மூக்க உறிஞ்சறீங்க? நாளைக்குக் கூட்டத்துல நானே சொல்றேன். என்னை யாரும் தள்ள வேணாம்.”

“அப்ப அந்த ஊசிய வேற இடத்துல குத்தணுமா?” என்று அம்மா கேட்டாள்.

“இருக்கற இடம் அதேதான்க்கா, பொறந்த இடம்தான் வேற,” என்று சித்தி சுவரருகே போனாள். சிவப்பு ஊசியைப் பிடுங்கினாள். ஒரு நீல ஊசியைத் தேர்ந்து, அதன் முனையால் படத்தைத் தடவிப் பார்த்து, அதே துளையில் குத்தினாள்.

இதை யாருக்காவது சொல்வீர்களானால், ஊசி நிறம் மாறியதோடு நிறுத்திவிடாதீர்கள். துளை அதேதான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.