மூன்று தடவை தப்பானால் பூட்டு

கடையின் கம்ப்யூட்டர்களில் யார் எதைத் திறக்கலாம், யார் திறக்கக் கூடாது என்று விதி போடுவது என் தொழில். போட்ட நாளிலிருந்து வசவு வாங்குவதும் அதில் அடக்கம். சர்வர் ரூம் குளிரில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா?

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை. முதலாளி அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். என் விதிகள் எளிமையானவை: மாதம் ஒரு முறை பாஸ்வேர்டை மாற்ற வேண்டும், மூன்று தடவை தப்பாக அடித்தால் அரை மணி நேரம் பூட்டு. அண்ணாச்சி படித்துப் பார்த்து, தன் கையால் ஒன்று சேர்த்தார்: அந்த அரை மணி முடியுமுன் திறக்க அவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும், யாருக்கும் விலக்கில்லை. மேனேஜர் ஆரோக்கியசாமி வாயாலேயே இன்னொன்று சேர்த்தார்: "ஆடித் தள்ளுபடி முதல் நாள் உங்க விதியால பில்லிங் நின்னுச்சுன்னா, நீங்க வேற இடம் பாத்துக்கங்க சார்."

காலண்டர்

பாஸ்வேர்டை எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது என்று பில்லிங் செல்விக்குப் பத்து நிமிடம் வகுப்பெடுத்தேன். நன்றாகத் தலையாட்டினார். மறுநாள் காலை பூட்டு. சுவரில் தொங்கிய தினசரி காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். "நேத்து தேதியில எழுதி வெச்சிருந்தேன் சார். காலைல வந்ததும் பழக்கதோஷத்துல கிழிச்சுட்டேன்."

டேபிள் ஃபேன்

ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரை தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். குடோன் கம்ப்யூட்டர் மட்டும் ஒரு வாரமாகப் பூட்டவே இல்லை. போய்ப் பார்த்தேன். நாற்காலியில் ஆள் இல்லை. டேபிள் ஃபேன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் கழுத்தில் நூலால் கட்டப்பட்ட மவுஸும் கூடவே மேசைமேல் போய்வந்துகொண்டிருந்தது.

குடோனைப் பார்த்துக்கொள்ளும் சிந்தாதிரிப்பேட்டை பாபு டீ கிளாஸோடு வந்தார். அவர் முகத்தில் குற்ற உணர்ச்சி ஏதும் இல்லை. "இன்னா சார் இப்டி பாக்குற? நான் இல்லாங்காட்டியும் மவுஸு வேலை செஞ்சிகினுதான கீது!"

போணி

ஆடி வெள்ளி, தள்ளுபடி முதல் நாள், காலை பத்து மணி. அண்ணாச்சி கையால் முதல் பில் போடாமல் வேறு எந்தக் கவுண்டரும் பில் போடாது. கடை ஆரம்பித்த நாளிலிருந்து அதுதான் வழக்கம். முந்தின நாள்தான் தன் பாஸ்வேர்டை மாற்றியிருந்தார். ஒற்றை விரலால் பழையதையே அடித்தார். மூன்று தடவை. பூட்டு.

அரை மணி நேரம் என்றால் பத்தரை. பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம். அப்புறம் பன்னிரண்டு வரை போணி கிடையாது. வாசல் படிவரை கூட்டம். ஆரோக்கியசாமி என்னையே பார்த்தார். திறக்க ஒரு நிமிடம் போதும் என்று சர்வர் ரூமுக்கு ஓடப் போனேன். "நில்லுங்க தம்பி, கடுதாசி இல்லாம எப்படித் திறப்பீங்க?" என்றார் அண்ணாச்சி.

பில் தாளின் பின்பக்கம் பிள்ளையார் சுழி போட்டு, தனக்கே ஒரு விண்ணப்பம் எழுதினார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு அதை முழுசாகப் படித்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு 'அனுமதிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டு என்னிடம் நீட்டினார். பத்து இருபத்தெட்டுக்குப் போணி ஆனது. அப்போதும் அவர் முகம் தெளியவில்லை. "இந்தத் தடவை மன்னிச்சிருக்கேன் தம்பி. இன்னொரு தடவை மறந்தேன்னா எனக்கு நானே மெமோ கொடுத்துருவேன்."

இத்தனை வருஷத்தில் என் விதியை ஒரு எழுத்துப் பிசகாமல் மதித்த ஒரே ஆள் அவர்தான், அவரால்தான் அன்று என் வேலையே போயிருக்கும்.