தையலம்மாளுக்கு நான் கொடுத்த மாத்திரை

மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்குச் செலியமேட்டில் நடவு என்றால் இந்தப் பலராமன் கூட்டி வருகிற ஆள் இறங்கினால்தான் வேலை நடக்கும். அந்தப் பேரை எனக்கு வாங்கிக் கொடுத்ததில் பாதி தையலம்மாள். புருஷன் செத்த வருஷம் கைக்குழந்தை மஞ்சுளாவோடு என்னிடம் வேலைக்கு வந்து நின்றாள். அவள் முன்னால் நட்டுக்கொண்டு போனால் மற்ற இருபது பொம்பளைகளும் பின்னாலேயே ஓடவேண்டும்.

சேற்றில் இறங்கினால் பொழுது சாய்கிறவரை அவள் தண்ணீர் குடிக்க மாட்டாள். ஒருத்தியுமே குடிக்க மாட்டாள். வரப்பில் நானும் டிராக்டர்காரனும் நிற்போம். ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. அதைக் கட்டுப்பாடு என்று நினைத்துப் பெருமைப்பட்டவன் நான்.

ஒன்பது வருஷத்துக்கு முன் விலாவைப் பிடித்துக்கொண்டு வரப்பில் சுருண்டாள். ஸ்கேன் எடுத்துக் கிட்னியில் கல் என்றார்கள். வலிக்கு ஊசி போட்டு, மறுபடி வரச் சொன்னார்கள். நடவு நேரம், போகவில்லை. நான்தான் மெடிக்கலில் அதே மருந்தை மாத்திரையாக வாங்கி வைத்துக்கொண்டேன். வலி வந்தால் ஒன்று, அடங்காவிட்டால் இன்னொன்று. அரைமணியில் எழுந்து நடுவாள். என் ஆளில் ஒருத்தியும் வலி என்று வூட்டுக்குப் போனதில்லை என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

போன தை நடவில் மாத்திரைக்கு வலி கேட்கவில்லை. இரண்டு நாளாக மூத்திரம் இறங்கவில்லை, காய்ச்சல் வேறு. புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒரு கிட்னி முன்பே சுருங்கிவிட்டது, மற்றதைக் கல் அடைத்திருக்கிறது, குழாய் வைத்து அதையாவது காப்பாற்றப் பார்க்கிறோம் என்றார் டாக்டரம்மா.

"அந்தப் பழைய ஊசியப் போடும்மா, உனுக்குப் புண்ணியமாப் போவும்," என்று அவர் கையைப் பிடித்தாள் தையலம்மாள்.

கல் வலிக்கு அது நல்ல ஊசிதான், கிட்னி கெட்டவளுக்குக் கூடாது என்று சொல்லி, சலைனில் வேறு மருந்து ஏற்றினார். அதற்குக் கொஞ்சம்தான் கேட்டது. இத்தனை நாள் என்ன மாத்திரை சாப்பிட்டாள் என்று விசாரித்தார். பேரைச் சொன்னேன். ஒன்பது வருஷம், நான்தான் கொடுத்தேன் என்றேன்.

மஞ்சுளா என் பக்கம் திரும்பினாள். "மாமா, எங்கம்மாவுக்கு வலிக்குதேன்னு குடுத்தியா, நடவு நிக்கக்கூடாதுன்னு குடுத்தியா?"

"ரெண்டுக்குந்தாம்மா."

குழாய் வைத்தும் அந்தக் கிட்னி திரும்பவில்லை. இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மஞ்சுளா பஸ்ஸில் கூட்டிப்போகிறாள். போன மாதம் என் காரை அவர்கள் வாசலுக்கு அனுப்பினேன். காலியாகத் திரும்பி வந்தது.