ஆட்டுப்பாலுக்குப் போன காலை

சீனப் பெருநாளுக்கு எங்கள் அன்னாசி ஆலையை நாலு நாள் பூட்டுவார்கள். அன்னாசிப் புளிப்பில் வெந்த என் விரல்கள் வருஷத்தில் அந்த நாலு நாள்தான் கொஞ்சம் ஆறும். மகனுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது அந்த விடுமுறை வந்தது. மனைவியின் அண்ணன் நாங்கள் குடியிருந்த தேக்காவில் மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். காத்தோங் கடற்கரையில் ஒரு தென்னந்தோப்பில் அத்தாப்பு ஓலை வேய்ந்த குடிசை காலியாகக் கிடக்கிறது, பிள்ளையை மூன்று நாள் கடல்காற்றில் வைத்திருந்துவிட்டு வரலாம் என்று அழைத்தார். பொழுதுபோக்க என்று நாங்கள் கடற்கரைக்குப் போனதே இல்லை. கப்பலில் வந்தபோது பார்த்த கடலோடு சரி.

இவனுக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் மூன்று மாதம் தாண்டவில்லை. இவன் பிறந்த அன்று குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டேன். உயிரை மட்டும் விட்டுவை, ஒரு வயதுக்குள் ஊருக்குக் கொண்டுவந்து உன் வாசலில் முதல் முடி இறக்குகிறேன் என்று. மூன்றாம் மாதம் கடந்ததும் எனக்கு நம்பிக்கை உறுதியாகிவிட்டது. அவன் காதை மூடிச் சுருண்டு கிடந்த அந்த முடிதான் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைத்தேன். வைகாசியில் வருகிறோம் என்று ஊரில் இருந்த என் அண்ணனுக்கு எழுதினேன். பூசைக்காகக் கிடாய்க்குட்டி ஒன்றை நேர்ந்துவிட்டு வளர்ப்பதாக அவர் பதில் போட்டார். கடிதத்தை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

புறப்படும்போது வண்டியில் தேக்கா நாவிதரும் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். கடலைப் பார்த்து நாளாகிவிட்டது, கூட வருகிறேன் என்றார். எதற்குப் பெட்டி என்று நான் கேட்கவில்லை. எனக்கு யாரையும் எதையும் கேட்க வராது. அவருக்கு இடம் விட்டு வண்டியின் பின்பலகையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டேன். வழியில் கேலாங் தாண்டும்வரை அவர் என்னென்னவோ வேடிக்கை சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தார். நானும் சிரித்தேன்.

தோப்பில் இறங்கியதும் மூட்டையைத் தூக்கினேன். என்றும் இல்லாத கனம். மச்சான் அதைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, தங்கச்சி வீட்டையே கட்டிட்டு வந்துட்டாளா?" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அன்று சாயங்காலம் பிள்ளையின் பாதத்தை நுரையில் நனைத்தோம். அலை வரும்போதெல்லாம் காலை மடக்கிக்கொண்டு என் கழுத்தைக் கட்டினான். அவள் பக்கத்தில் நின்று சிரித்தாள். இப்படி ஒரு நாள் எங்களுக்கு வாய்த்ததே என்று நினைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் அவளே வந்து எழுப்பினாள். "பிள்ளைக்குப் பால் பத்தலங்க. அந்தப் பக்கம் கம்பத்துல ஆடு வச்சிருக்காங்களாம்" என்றாள். கம்பம் என்றால் மலாய்க்காரர்களின் சிற்றூர், கரையோடு ஒரு மைலுக்கு மேல். சொம்பை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன். ஒரு கிழவி அப்போதுதான் ஆட்டைக் கட்டிக் கறக்க உட்கார்ந்தாள். எனக்குத் தெரிந்த நாலு மலாய்ச் சொல்லில் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். அவள் ஒரு கை கூடுதலாகக் கறந்து ஊற்றினாள். சிந்தாமல் கொண்டுவர வேண்டுமே என்று திரும்பும்போது மெல்ல நடந்தேன்.

குடிசை வாசலில் வாழையிலை மேல் மஞ்சள் பிள்ளையார் இருந்தது. மச்சான் மடியில் என் மகன் மொட்டைத் தலையோடு, அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டிருந்தான். தலை முழுக்கச் சந்தனம். நாவிதர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கத்தியைக் கழுவினார். முடி எங்கே என்று தேடினேன். மச்சான் கடலைக் காட்டினார்.

"தாய்மாமன் மடியிலதான் எடுத்தோம், மாப்பிள்ளை. முறை தவறல" என்றார்.

அவர்மேல்கூட எனக்கு அவ்வளவு கோபமில்லை. சுவரோரம் சந்தனக்கல் ஈரமாக இருந்தது. எங்கள் வீட்டுக் கல். மூட்டையில் கனத்தது அதுதான். நானே தோளில் சுமந்து வந்து இறக்கியிருக்கிறேன். என் மனைவி அதில் அரைத்திருக்கிறாள், என்னைப் பாலுக்கு அனுப்பிவிட்டு.

அவளைப் பார்த்தேன். அவளும் நேராகப் பார்த்தாள்.

"நான் வந்த கப்பல்ல ஒரு பிள்ளையத் துணியில சுத்திக் கடல்ல போட்டாங்க. நமக்கு ஏற்கெனவே ரெண்டு போச்சு. இவனக் கப்பல் ஏத்த மாட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா நீங்க ஒண்ணும் பேச மாட்டீங்க. பேசாமப் போயி கப்பல் சீட்டு எடுத்துட்டு வந்து நிப்பீங்க."

அது உண்மைதான். சொம்பை வாசல் திண்டின்மேல் வைத்தேன். வெயிலில் பால் திரிந்துபோயிற்று. யாரும் கேட்கவில்லை, பிள்ளைக்கும் வேண்டியிருக்கவில்லை.

இன்னும் ஒரு நாள் மிச்சமிருந்தது. அதையும் இருந்துதான் வந்தோம். மச்சான் மீன் பிடித்தார், நாவிதர் வேடிக்கை பேசினார். வழுவழுப்பாக இருந்த மகன் தலையை நான் ஓயாமல் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூடு கண்டிருக்கிறதா என்றுதான். அவளும் நான் பார்க்காத நேரத்தில் அதையே செய்தாள்.

தேக்காவில் இறங்கியபோது மூட்டையை நான் எடுக்கவில்லை. வாழ்நாளில் நான் காட்டிய கோபம் அவ்வளவுதான். அவள் ஒரு இடுப்பில் பிள்ளையும் மறு இடுப்பில் மூட்டையுமாக முன்னால் நடந்தாள். நான் காலிச் சொம்போடு பின்னால் போனேன்.

வைகாசி நெருங்கியதும் அண்ணனுக்கு, பிள்ளைக்குச் சளி, வைகாசியில் வர முடியவில்லை என்று எழுதினேன். முடி போன விஷயத்தை எழுத மனம் வரவில்லை. அதனால் என்ன, கிடாயை இன்னும் ஒரு வருஷம் வளர்க்கிறேன் என்று அவர் பதில் போட்டார். என்ன எழுதியிருக்கிறார் என்று மனைவி கேட்டாள், படித்துக் காட்டினேன். மகன் அன்று தவழ்ந்து வந்து கடிதத்தைப் பிடித்து இழுத்தான். தலையில் முடி மறுபடி சுருள ஆரம்பித்திருந்தது.