பென்டிரைவைப் பிடுங்கியபோது

புந்தோங்கில் எங்கள் எதிர்வீட்டு அக்கா ஒரு சனிக்கிழமை காலை சின்ன லேப்டாப் ஒன்றைக் கொண்டுவந்தார். போன வருடம் இறந்துபோன அவர் கணவருடையது. அக்கா செமோர் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர், சர்ச்சில் பாடுகிறவர்.

"ரொம்ப மெதுவா இருக்குலா தம்பி. உள்ள ஒன்னும் இல்ல. எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா போட்டுக் குடு."

எனக்குத் தொழிற்சாலை ஸ்டோரில் வேலை. பழைய கம்ப்யூட்டர்களில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஏற்றுவது ஆசைக்காக. இதில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. போர்டிலேயே ஒட்டிய முப்பத்திரண்டு ஜிபி சிப்தான். விண்டோஸுக்கே அது போதாது. எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் பென்டிரைவிலிருந்து ஏற்ற ஆரம்பித்தேன். வைஃபை ஓடத் தேவையான டிரைவர் ஃபைல்கள் இருந்த இன்னொரு பென்டிரைவும் செருகியிருந்தது. எதில் ஏற்றட்டும் என்று திரை கேட்டது. முப்பத்திரண்டு என்று கண்ணில் பட்டதைத் தட்டினேன். அழிக்கவா என்றது. ஆமாம் என்றேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்து, லேப்டாப் சுறுசுறுப்பாக ஓடியது. பென்டிரைவ் இரண்டையும் செருகியபடியே விட்டுவிட்டேன்.

மறுநாள் சர்ச் முடிந்து அக்கா நேராக வந்தார்.

"மக கோலாலம்பூர்லேருந்து போன் பண்ணா. அப்பா பாடிப் பதிஞ்சதெல்லாம் அதுலதான் இருக்காம். எடுத்து வச்சிட்டியா?"

"அக்கா, எல்லாத்தையும் அழிச்சிட்டேனே. நீங்கதான அழிக்கச் சொன்னீங்க?"

"ஆமா. நான்தான் சொன்னேன்."

லேப்டாப்பை அணைத்து, பென்டிரைவ் இரண்டையும் பிடுங்கி, அவரிடம் நீட்டினேன். மடியில் வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினார்.

வெகுநேரம் கழித்துப் பழைய விண்டோஸ் வந்தது. திரைப் படத்தில் அக்காவின் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிட்டவர், வெள்ளைச் சட்டையில் சிரித்தார்.

"அழிச்சிட்டேன்னு சொன்ன?"

வைஃபை பென்டிரைவைச் செருகி மறுபடி போட்டேன்: லினக்ஸ். பிடுங்கினேன்: விண்டோஸ். மூன்று தடவை பார்த்தேன். கடைசியில் அந்தப் பென்டிரைவை என் கம்ப்யூட்டரில் செருகியபோது டிரைவர்களைக் காணோம். முழு லினக்ஸும் அதற்குள் உட்கார்ந்திருந்தது. அதுவும் முப்பத்திரண்டு ஜிபி. நான் அழித்தது அதைத்தான்.

பாட்டுகளை உடனே இரண்டு இடத்தில் நகலெடுத்தேன். ஒன்றைப் போட்டேன். பாதிப் பாட்டில் அண்ணன் இருமி, "பொறு, பொறு, திரும்ப ஆரம்பிக்கிறேன்" என்றார். அக்கா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"நீ தெரிஞ்சேதான் அழிக்காம வச்சிருந்தியா தம்பி?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சொல்லவில்லை.

அடுத்த வாரம் சிப்பில் சரியாகவே ஏற்றிக் கொடுத்தேன். இப்போது எங்கள் வீட்டு வரிசை முழுக்க, பழைய லேப்டாப் என்றால் என்னிடம்தான் கொடுக்கிறார்கள். கவனமான பையன் என்று அக்கா சொல்லி வைத்திருக்கிறார். அதைக் கேட்கும்போது வெட்கப்படுவதா சந்தோஷப்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.