காரில் அடித்த உளுந்து

எங்கள் பக்கம் நெல் அறுத்த வயலில் உளுந்து தெளிப்பார்கள். விளைந்ததும் செடியைப் பிடுங்கிக் கொண்டுவந்து தார்ச்சாலையில் பரப்பிவிட்டால் போதும். போகிற பஸ்ஸும் லாரியும் அதன்மேல் ஏறி, நெற்றை உடைத்து உளுந்தை உதிர்த்துவிடும். வண்டிக்காரர்கள் திட்டிக்கொண்டே போவார்கள். திட்டினாலும் உளுந்து உதிரும்.

எங்கள் ஊர்ச் சாலையில் ஒரே குறை, அதில் வண்டி வராது. காலையில் ஒரு பஸ், சாயங்காலம் அதே பஸ். அந்த வருடம் அம்மாவுக்குக் கூலியாகக் கிடைத்த செடி இரண்டு நாள் சாலையில் கிடந்தும் பாதி நெற்று வாய் திறக்கவில்லை. மேற்கே மேகம் வேறு திரண்டுகொண்டிருந்தது. நனைந்தால் உளுந்து நெற்றுக்குள்ளேயே முளைத்துவிடும்.

அப்பா அப்போது கூத்தாநல்லூரில் ஒரு முதலாளியிடம் டிரைவர். முதலாளி வருடத்தில் பத்து மாதம் சிங்கப்பூரில் இருப்பார். அவருடைய வெள்ளை கார் இங்கே வீட்டில் நிற்கும். பேட்டரி இறங்கிவிடாமல் வாரம் ஒருமுறை எடுத்து ஓட்டுவதுதான் அப்பாவின் வேலை. வயலில் வேலை இல்லாத மாதங்களில் நாங்கள் அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிட்டோம்.

"வாரம் ஒரு தடவ ஓட்டச் சொல்லிருக்காரு. எங்க ஓட்டணும்னு சொல்லலையே," என்றார் அப்பா.

"இந்த வாய்க்கு ஒருநாள் வேலை போவப்போவுது பாருங்க," என்றாள் அம்மா. சொன்ன கையோடு செடியை உதறிப் பரப்பவும் செய்தாள்.

நான் முன்சீட்டில் அப்பாவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டேன். சக்கரத்துக்கு அடியில் நெற்றுகள் படபடவென்று வெடித்தன. ஒரு நடை போய்த் திரும்பினால் அம்மா செடியைப் புரட்டிப் போடுவாள். ஏழெட்டு நடையில் எல்லாம் உதிர்ந்துவிட்டது. அம்மா கையைக் காட்டி, போதும் என்றாள். நான்தான் அப்பாவிடம், இன்னும் ஒரே ஒரு ரவுண்டு என்றேன். அவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டியை எடுத்தார்.

காய்ந்த உளுந்துச் சருகு எண்ணெய் மாதிரி வழுக்கும். திருப்பும்போது கார் தானாகவே நகர்ந்துபோய் மைல்கல்லில் சாய்ந்தது. அப்பா இறங்கி ஓடிவந்து முதலில் என் தலையைத் தடவிப் பார்த்தார். அப்புறம்தான் கதவைப் பார்த்தார். என் பக்கத்துக் கதவில் சோற்றுச்சட்டி அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. முதலாளி வருவதற்கு ஆறு நாள் இருந்தது.

மன்னார்குடியில் டிங்கரிங் பார்க்கிற எல்லோருக்கும் முதலாளியைத் தெரியும். அதனால் தஞ்சாவூருக்குப் போனோம். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் தொற்றிக்கொண்டேன்.

பட்டறைக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கதவை ஒரு சுற்றுப் பார்த்தார். சம்மட்டியால் ஓங்கி ஒரு போடு போடுவார் என்று நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவரோ கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினார். ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே விழுந்திருந்த உளுந்து ஒரு கைப்பிடி கொட்டியது.

"என்னண்ணே, இட்லிக்கு கார்லயே ஊறப்போட்டியளா?"

அப்பா சிரிக்கவில்லை. பட்டறைக்காரர் ஓர் இரும்புக் கட்டியை வெளியே அணைத்துப் பிடித்துக்கொண்டு, உள்ளே கையை விட்டு மரச்சுத்தியால் பள்ளத்தின் விளிம்பில் தட்டத் தொடங்கினார். நடுவில் தொடவே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளம் நடுவில்தானே இருக்கிறது, ஏன் ஓரத்தில் தட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

"நடுவுல அடிச்சா தகரம் நீண்டு, கதவுக்குத் தொப்ப போட்டுரும். ஏம்மா, கேள்விக்குத் தனி சார்ஜ், தெரியும்ல?"

அதற்குப் பிறகும் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். பள்ளம் சட்டியிலிருந்து கிண்ணமாகி, கிண்ணத்திலிருந்து கரண்டியாகி, கடைசியில் உள்ளங்கையால் தடவினால் மட்டும் தெரிகிற ஒன்றாக ஆனது. அதன்மேல் பட்டி பூசி, காயவைத்து, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தார். மறுநாள் பெயிண்ட் கலக்கும்போதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். வெள்ளையில் ஒரு சொட்டு கறுப்பு விட்டார், ஒரு சொட்டு மஞ்சள் விட்டார். வெயிலில் நின்ற கார் வெள்ளையாகவே இருக்காது, புது வெள்ளை அடித்தால் அந்தக் கதவு மட்டும் காட்டிக்கொடுத்துவிடும் என்றார். மொத்தம் எத்தனை விதமான வெள்ளை இருக்கிறது என்று கேட்டேன். அவர் அப்பாவைப் பார்த்து, "இந்தப் புள்ளைய வீட்ல வச்சிட்டு வந்திருக்கலாம்," என்றார்.

காரில் அடித்த உளுந்து, பட்டறைக் கூலிக்காக மூட்டையாக அவர் வீட்டுக்கே போனது. திரும்பி வருகிற வழியில் நல்ல மழை.

முதலாளியைத் திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போய் அழைத்துவந்தவர் அப்பாதான். முதலாளி அந்தக் கதவைத் திறந்துதான் ஏறினாராம், இறங்கினாராம். அவர் கண்ணில் ஒன்றும் படவில்லை. அப்பா அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் காலையில் அப்பாவோடு நானும் போயிருந்தேன். முதலாளி பல்குச்சியோடு காரின் முன்னால் நின்றிருந்தார்.

"என்னப்பா, கார்ல வெவசாயம் பண்றியா?"

கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்கு அடியில் ஒரு பள்ளம் உண்டு. தூசியும் சருகும் சேர்கிற இடம். அதிலிருந்து மூன்று உளுந்துச் செடிகள், ஆளுக்கு இரண்டு இலையோடு எட்டிப் பார்த்தன. கதவுக்குள் இருந்ததை ஒன்றுவிடாமல் கூட்டிய பட்டறைக்காரர் அங்கே பார்க்கவில்லை. காரைத் துடைத்த அப்பாவும் பார்க்கவில்லை.

அப்பா கதவு இடித்ததையும் தஞ்சாவூரில் சரிசெய்ததையும் சொன்னார். முதலாளி கதவுப்பக்கம் போய்க் குனிந்தார், தடவினார்.

"எந்தக் கதவு?"

"இதுதாங்க."

"நல்லாத்தான் செஞ்சிருக்கான்." நிமிர்ந்தார். "உளுந்து அடிக்கிறப்பவா இடிச்சே?"

"ஆமாங்க. இன்னும் கொஞ்சம் உதிராம கெடந்துச்சு. அதுக்காகக் கடைசியா ஒரு நடை எடுத்தேன்."

அது சரியில்லை. எல்லாம் உதிர்ந்துவிட்டது, அம்மா போதும் என்றாள், நான்தான் கேட்டேன். திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அப்பாவின் செருப்புக்கால் என் வெறுங்கால்மேல் ஏறி அழுத்தியது.

"ஓட்டிக்கவான்னு கேட்டிருந்தா ஓட்டிக்கன்னுருப்பேன்பா. மறைச்சிட்டியே," என்றார் முதலாளி. கையை நீட்டினார். அப்பா சாவியைக் கொடுத்தார்.

அடுத்த அறுவடைக்கு அப்பா கதிர் அறுக்கும் மிஷினோடு போனார். நெல் எங்கே முற்றுகிறதோ அங்கே போகிற வேலை. நாங்களும் பின்னால் போனோம். ஏழாம் வகுப்பை மூன்று ஊரில் படித்து, எந்த ஊரிலும் முடிக்கவில்லை. பிறகு ஓர் இடத்தில் நிலைத்து இருக்க எனக்கும் வராமல் போய்விட்டது. இன்றைக்கும் ஓர் ஊரில் ஒரு வருடம் முழுசாக இருந்தால் கால் அரிக்கிறது.

சாவியைக் கொடுத்த அன்று நாங்கள் வெண்ணாற்றங்கரை வழியாக நடந்தே திரும்பினோம். நான் அந்த மூன்று செடிகளைப் பிடுங்கி ஈரத்துணியில் சுற்றி எடுத்துவந்திருந்தேன். வீட்டுக் கொல்லையில் நட்டால் காய்க்குமா என்று கேட்டேன், காய்க்கும் என்றார். மிதிபட்ட கால் வலித்தது. அவர் ஏன் மிதித்தார் என்று வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். அங்கே அவ்வளவு பெரிய வாசல் இருந்தும், முதலாளிக்கு முன்னால் பயத்தில் எங்கே கால் வைக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை, பாவம் என்று முடிவு செய்துகொண்டேன்.