கனகாவும் மூத்தார் சொன்ன மருந்தும்

பீங்கான் கம்பெனியில கப்புக்குக் கைப்பிடி ஒட்டுற வேலை கனகாவுக்கு. ஆனா விருத்தாசலத்துல அப்படிச் சொல்லி விசாரிச்சா ஒருத்தருக்கும் தெரியாது. ‘வௌவால் கனகா’ன்னு கேக்கணும். கரண்டு கம்பியில அடிபட்டு விழுந்த பழந்தின்னி வௌவாலோ, கொய்யாத் தோப்பு வலையில சிக்குனதோ, எதுவா இருந்தாலும் அவளுக்குத்தான் போன் வரும். சூளைக்காரங்க போடுற தோல் கையுறைய மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவா. வெறுங்கையால யாரையும் தொட வுடமாட்டா. எவனாச்சும் மூஞ்சச் சுளிச்சானோ, தொலைஞ்சான்.

“இலுப்ப மரத்தையெல்லாம் உங்க தாத்தனா நட்டான்? இது தின்னுட்டுத் துப்புன கொட்டையில மொளச்சதுய்யா! வருசத்துக்கு ஒத்தக் குட்டிதான் போடும். அதையும் அடிச்சுத் தின்னா அப்புறம் எங்கேர்ந்து வரும்?”

அப்பேர்ப்பட்டவளுக்கே ஒரு நாள் சோதனை வந்துச்சு. புருசன் திருமால், மண்ணு அரைக்கிற மில்லுல வேலை பாத்து வீசிங்கு வாங்கிக்கிட்ட ஆளு. அன்னிக்குச் சாயங்காலம் மூச்சு இழுக்க ஆரம்பிச்சிடுச்சு. அவன் அண்ணங்காரரு, கனகாவுக்கு மூத்தாரு, பழமலைநாதன் பக்கத்து வூட்டுலேர்ந்து ஓடியாந்தாரு. வந்தவரு கண்ணு, றெக்கை கிழிஞ்சு கெடந்ததக் கனகா தூக்கியாந்து வச்சிருந்த, துணிக்கொடியில தலைகீழாத் தொங்குன வௌவால் மேல போச்சு.

“வீசிங்குக்கு இதாம்மா மருந்து. ஒரே ஒரு வேளை கறி. எந்தம்பி உசுரவிட இது ஒசத்தியா?”

கனகாவுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. மனுசன் பாசத்துலதான் சொல்றாருன்னு அவளுக்குத் தெரியும். திருமாலுக்கு ஒதடு வேற கறுக்குது. ஒரு நொடி, சத்தியமா ஒரு நொடி, குடுத்துட்டா என்னன்னு அவளுக்கே தோணிடுச்சு. அப்புறம் தலைய ஒதறிக்கிட்டா.

“அதுல மருந்தும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல மாமா! போயி ஆட்டோ புடிங்க!”

வுட்டுட்டுப் போனா சட்டியில ஏறிடும்னு, வௌவாலத் துணியில சுத்திக் கூடையோட மடியில வச்சிக்கிட்டா. தோள்ல புருசன், மடியில வௌவால். வழிநெடுக அழுதா பாவம். இவருக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா, வௌவாலுக்காகப் புருசனக் கை வுட்டவன்னு ஊரு பேசும். ஊரு கெடக்குது, அவ மனசே பேசுமே!

ஆஸ்பத்திரியில நர்ஸு ஜெயஸ்ரீ மருந்துப் புகை வர்ற மாஸ்க்க மாட்டி வுட்டாங்க. கொஞ்ச நேரத்துல இழுப்பு அடங்கி, ஒதட்டுல நெறம் வந்துச்சு. திருமால் அவ மடியில இருந்த கூடையப் பாத்துட்டு மாஸ்க்க லேசாத் தூக்குனான். நாக்கப் புடுங்குற மாதிரி கேக்கப் போறான்னு கனகா தலையக் குனிஞ்சிக்கிட்டா.

“அதுக்குத் தண்ணி காட்டுனியாடி?”ன்னான்.